தென்னந்தோப்புப் புல்லுக்கு எந்த இயந்திரம்? ஸ்லாஷர், மல்ச்சர், ரைடிங் மோயர் தேர்வு

இரண்டு முதல் ஐந்து ஏக்கர் வரை தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். இந்த அளவில்தான் தேர்வு சிக்கலாகிறது. ஒரு ஏக்கருக்குள் என்றால் தோளில் மாட்டும் பிரஷ் கட்டரே போதும். பத்து ஏக்கர் என்றால் பெரிய டிராக்டர் எப்படியும் இருக்கும். நடுவில் இருப்பவர்கள்தான் விளம்பரத்தில் உள்ள எச்பி எண்ணைப் பார்த்து வாங்கிவிட்டு, அடுத்த மழைக்காலத்தில் வண்டி திணறுகிறது என்று புலம்புகிறார்கள்.

முதலில் ஒன்று: புல் வெட்டுவதற்காக மட்டும் டிராக்டர் வாங்க வேண்டாம். மருந்தடிப்பு, டிரெய்லர், உரம் ஏற்றுவது, பக்கத்துத் தோட்டத்துக்கு வாடகை ஓட்டம் என வேறு வேலைகளும் இருந்தால்தான் மினி டிராக்டர் கட்டுபடியாகும். இல்லையென்றால் வருடத்துக்கு நாலைந்து முறை வாடகைக்கு எடுத்து ஓட்டுவதே லாபம்.

தோப்பை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

டேப்பை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் ஒரு சுற்று நடந்து வாருங்கள். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் நட்டிருந்தால் ஏக்கருக்குச் சுமார் 70 மரம். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் 6 அடி ஆரத்துக்கு வட்டப்பாத்தி. தென்னையின் வேர்களில் பெரும்பகுதி அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது, அதனால் அங்கே டயர் ஏறக்கூடாது. 25 அடியில் இருபக்கமும் 6 அடி போனால் வண்டி ஓட மிஞ்சுவது 13 அடி.

மோயரின், அதாவது புல் வெட்டும் கருவியின், அகலத்தை இந்த 13 அடிதான் முடிவு செய்கிறது. 4 அடி மோயரில் ஒவ்வொரு ஓட்டமும் அரையடி முந்தின ஓட்டத்தின் மேல் ஏற வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் புல் கோடு நிற்கும். ஆக, பயனாகும் அகலம் மூன்றரை அடி, நாலு ஓட்டத்தில் சந்து முடியும். 5 அடி மோயரில் மூன்று ஓட்டம் போதும். மிச்சமாவது ஒரே ஓட்டம்தான், ஆனால் அதற்கு அடுத்த ரக டிராக்டர் வேண்டும். சிறு தோப்பில் அது தேவையில்லாத செலவு.

வரிசைக்குள் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள இடத்துக்குக் குறுக்கு ஓட்டம் ஓட்டலாம். கோகோ, ஜாதிக்காய், வாழை என ஊடுபயிர் இருந்தால் குறுக்கே போக வழியில்லை. மிச்ச இடத்துக்குப் பிரஷ் கட்டர்தான், எந்த மோயர் வாங்கினாலும் ஒரு பிரஷ் கட்டர் கூடவே இருக்க வேண்டும்.

நடக்கும்போதே தரையில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். வெறும் அருகும் கோரையுமா, இடுப்பளவு பார்த்தீனியமா, கல் எவ்வளவு, சொட்டுநீர்க் குழாய் மேலே கிடக்கிறதா புதைத்திருக்கிறதா, வெட்டிய மரத்தின் அடிக்கட்டை எங்கெல்லாம் நிற்கிறது. இதற்கெல்லாம் மேல் மட்டை. ஒரு மரம் மாதத்துக்கு ஒரு மட்டை என்ற கணக்கில் கழிக்கும். 70 மரத்துக்கு வருடத்தில் ஏக்கருக்கு 800-க்கு மேல் மட்டை. மட்டையைப் பொறுக்கிவிட்டு வெட்டப்போகிறீர்களா, மட்டையோடு சேர்த்துத் தூளாக்கப் போகிறீர்களா? களையை வெட்டிச் சாய்க்கும் ஸ்லாஷரா, மட்டையையும் தூளாக்கும் மல்ச்சரா என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது.

ரைடிங் மோயர் யாருக்கு

உட்கார்ந்து ஓட்டும் ரைடிங் மோயர் பார்க்க அழகு, ஓட்ட சுகம். ஆனால் அது சமதளப் புல்தரைக்குச் செய்த வண்டி. பள்ளி மைதானம், ரிசார்ட், பண்ணை வீட்டு முற்றம் போன்ற இடங்களுக்குப் பொருந்தும். 42 அங்குல டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் தகட்டுப் பெட்டி) கொண்ட வண்டி, வாரம் தவறாமல் வெட்டப்படும் இரண்டு ஏக்கர் புல்தரையை அரை நாளுக்குள் முடித்துவிடும். தோப்புக்குள் இறக்கினால் கதை வேறு. டெக் தரையோடு ஒட்டி ஓடுகிறது, தகடு மெல்லியது, பிளேடு சுழலும் ஸ்பிண்டில் சிறியது. ஒரு தேங்காய் மாட்டினாலே ஸ்பிண்டில் வளையும், பெல்ட் கழன்று விழும். மட்டையின் அடிப்பகுதி உள்ளே போனால் பிளேடு சிக்கி இன்ஜின் அப்படியே நின்றுவிடும். முழங்காலுக்கு மேல் வளர்ந்த புல்லும் அதற்கு ஆகாது. தோப்புக்கு இது வேண்டவே வேண்டாம்.

ஸ்லாஷரும் மல்ச்சரும்

ஸ்லாஷரில் நடுவில் ஒரு கியர்பாக்ஸ், அதற்குக் கீழே ஒரு வட்டத் தட்டு, தட்டின் ஓரத்தில் வீசிச் சுழலும் இரண்டு கனத்த பிளேடு. கல்லோ கட்டையோ பட்டால் பிளேடு மடங்கிப் பின்வாங்கும், தட்டு வழுக்கி மேலே ஏறும். பாகங்கள் குறைவு, விலை குறைவு, ஊர் லேத் பட்டறையிலேயே பழுது பார்க்கலாம். களையை வெட்டிச் சாய்க்கும், ஆனால் மட்டையைத் தூளாக்காது. மூன்று நாலு துண்டாக்கி ஓரமாகத் தள்ளிவிட்டுப் போகும்.

மல்ச்சரில் படுக்கைவசமாக ஓர் உருளை. அதில் வரிசையாகச் சுத்தியல் பிளேடோ ஒய் வடிவ பிளேடோ தொங்கும். கியர்பாக்ஸிலிருந்து பெல்ட் வழியாக உருளைக்குச் சுழற்சி போகிறது. மட்டைக்கு வாங்குவதென்றால் சுத்தியல் பிளேடு. ஒய் பிளேடு புல்லுக்கு நல்லது, மட்டையில் சீக்கிரம் மழுங்கும். மட்டை தூளாகித் தரையில் பரவினால் மண்ணில் ஈரம் நிற்கும், களையும் மட்டுப்படும், மட்டையைச் சுமந்து கொட்டும் கூலியும் மிச்சம். அந்தக் கூலிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் மல்ச்சரின் கூடுதல் விலை நியாயமாகத் தெரியும்.

எங்கள் தீர்ப்பு இது: மட்டையைச் செங்கல் சூளைக்கோ விறகுக்கோ கொடுத்துவிடுபவர்களுக்கு ஸ்லாஷர். மட்டையைத் தோப்பிலேயே விட நினைப்பவர்களுக்கு மல்ச்சர். ஸ்லாஷரை வாங்கி அதை மல்ச்சராக ஓட்ட முயன்றால் இரண்டு வேலையும் கெடும்.

மல்ச்சரிலும் மட்டையைக் குவியலாகப் போட்டு ஏற்றக்கூடாது. சந்தின் நடுவே நீளவாக்கில் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். அடிமட்டையை இரண்டு அடிக்கு வெட்டி விறகுக்கு எடுத்துக்கொண்டால் இயந்திரத்தின் சுமை பாதியாகக் குறைந்ததுபோல் தெரியும். பாளையையும் விழுந்த தேங்காயையும் முன்கூட்டியே பொறுக்கிவிட வேண்டும்.

எச்பி கணக்கு

இன்ஜின் எச்பி வேறு, பிடிஓ எச்பி வேறு. மோயரைச் சுழற்றுவது டிராக்டரின் பின்னால் கருவிக்குச் சக்தி தரும் பிடிஓ ஷாஃப்ட். அங்கே வந்து சேருவது இன்ஜின் சக்தியில் ஏறக்குறைய 85 சதவீதம், சில வண்டிகளில் அதற்கும் கீழே. 24 எச்பி மினி டிராக்டரில் பிடிஓவில் 20 எச்பி கிடைத்தால் நல்லது. கடைக்காரரிடம் பிடிஓ எச்பி எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் விவரக் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

புல்லுக்கும் களைக்கும் மோயர் அகலத்தில் அடிக்கு 5 பிடிஓ எச்பி வேண்டும். மட்டைத் தூளாக்கத்துக்கு 7 என்று வையுங்கள். 4 அடி ஸ்லாஷருக்கு 20 எச்பி, ஆக 24 எச்பி வண்டி சரியாகப் பொருந்தும். அதே வண்டியில் 4 அடி மல்ச்சர் மாட்டி மட்டை மேல் ஏறினால் இன்ஜின் சுற்று விழும். சுற்று விழுந்தால் பிளேடின் வேகம் குறைந்து, மட்டை தூளாகாமல் நார் நாராகக் கிழிந்து உருளையில் சுற்றிக்கொள்ளும். 24 எச்பிக்கு 3 அடி மல்ச்சர்தான் பொருத்தம். 28 எச்பிக்கு மூன்றரை அடி வரை போகலாம். 15 எச்பி வண்டி வைத்திருப்பவர்கள் 3 அடிக்குக் குறைவான ஸ்லாஷரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அகலத்தைக் குறைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மோயர், டிராக்டரின் பின்டயர்களின் வெளி விளிம்பு வரையாவது மூட வேண்டும். டயர் மோயரை விட வெளியே நின்றால், டயர் அமுக்கிய புல் வெட்டுப்படாமல் மறுநாள் நிமிர்ந்து நிற்கும். பல மினி டிராக்டர்களில் டயர் இடைவெளியைச் சுருக்க முடியும், அதையும் கேட்டு வையுங்கள்.

எவ்வளவு நேரமாகும்? 1.2 மீட்டர் மோயர் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில், திரும்பும் நேரமெல்லாம் கழித்து, மணிக்கு 0.9 ஏக்கர் வெட்டும். மூன்று ஏக்கருக்கு மூன்றரை மணி நேரம். மட்டையோடு என்றால் மணிக்கு 2 கி.மீ.தான் போக முடியும், நேரத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

மாட்டும் இடம்

மினி டிராக்டர்களில் கருவியை மாட்டுவதற்குப் பெரும்பாலும் கேட்டகரி 1 என்ற அளவில் மூன்று முனை இணைப்பு. கீழ்க் கைகளின் பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ. பெரிய டிராக்டருக்கான பழைய மோயர் மலிவாகக் கிடைத்தால் அதில் 28-ம் 25-ம் இருக்கும், சேராது. பிடிஓ ஷாஃப்டில் 6 பல், 540 சுற்று என்பது வழக்கம். மோயரின் கியர்பாக்ஸும் 540-க்குத்தான் செய்யப்பட்டதா என்று அதன் தகட்டைப் பாருங்கள். வண்டியில் 750, 1000 என்று வேறு பிடிஓ வேகங்களும் இருந்தால் ஓட்டுநர் மறந்தும் அதைப் போடக்கூடாது. உருளை அதிர்ந்து பேரிங் நொறுங்கும்.

தூக்கும் திறன் 750 கிலோ என்று எழுதியிருந்தாலும் அது இணைப்பு முனையில் உள்ள கணக்கு. மோயரின் எடை பின்னால் தள்ளி இருப்பதால் தூக்கும்போது முன்சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் பிடிக்காது. மோயரைத் தூக்கிய நிலையில் ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். முன்பக்கம் எழும்பினால் முன்னெடை கட்ட வேண்டும்.

ஷாஃப்ட் நீளத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மோயரோடு வரும் ஷாஃப்ட் எல்லா டிராக்டருக்கும் பொதுவான நீளம், மினி டிராக்டருக்கு அது நீளம். அப்படியே மாட்டித் தூக்கினால் இரு குழாயும் ஒன்றுக்குள் ஒன்று முட்டி, பிடிஓ பேரிங்கையோ கியர்பாக்ஸையோ உடைக்கும். வண்டியை அணைத்துவிட்டு மோயரை மேலும் கீழும் நகர்த்தி, எந்த நிலையில் தூரம் மிகக் குறைவோ அங்கே நிறுத்தி அளக்க வேண்டும். அந்த நிலையில் குழாய் முட்டாமல் ஒரு அங்குலத்துக்கு மேல் இடம் இருக்க வேண்டும். தூரம் மிக அதிகமான நிலையில் குறைந்தது ஆறு அங்குலம் ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். வெட்டுவதாக இருந்தால் உள்குழாய், வெளிக்குழாய், இரண்டின் பிளாஸ்டிக் உறை, நாலையும் ஒரே அளவு வெட்டி, பிசிறை அரத்தால் தேய்த்து கிரீஸ் போட்டு மாட்டுங்கள்.

அந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றி மூலையில் போடும் பழக்கம் உயிரைக் குடிக்கும். சுழலும் ஷாஃப்ட் வேட்டி நுனியையோ துண்டையோ பிடித்தால் இழுத்து விடுவிக்க நேரம் கிடைக்காது.

வண்டியில் ஒரே கிளட்ச்தான், பிடிஓவுக்குத் தனி கிளட்ச் இல்லை என்றால் ஓவர் ரன்னிங் கப்ளிங் (டிராக்டரிலிருந்து மோயருக்கு மட்டும் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு) ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள். ஸ்லாஷரின் கனத்த பிளேடு சுழன்றுகொண்டே இருப்பதால், கிளட்சை மிதித்த பிறகும் அது ஷாஃப்ட் வழியாக டிராக்டரின் கியர்பாக்ஸைச் சுழற்றி வண்டியை முன்னே தள்ளும். எதிரே மரமோ வரப்போ இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாளிலிருந்து கெடுவது எது

புது மோயரின் கியர்பாக்ஸ் எண்ணெய் இல்லாமல் வருவது உண்டு. மாட்டியதும் திறந்து பார்த்து, கையேட்டில் சொன்ன அளவு இபி 90 கியர் எண்ணெய் ஊற்றுங்கள். முதல் ஒரு மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி பிளேடு நட்டு எல்லாவற்றையும் மறுபடி முறுக்குங்கள். ஷாஃப்டின் இரு முனையிலும் வளைந்து கொடுக்கும் மூட்டுகளான கிராஸ் இரண்டுக்கும் 8 மணி ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ்.

ஸ்லாஷர் கியர்பாக்ஸ் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் நைலான் கயிறும் சொட்டுநீர்க் குழாயும். வட்டத் தட்டுக்கு மேலே, கியர்பாக்ஸ் கீழே முடியும் இடத்தில் கயிறு சுற்றிச் சூடாகி ஆயில் சீலை அறுத்துவிடும். எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் போவது வெளியே தெரியாது. ஒவ்வொரு நாளும் ஓட்டி முடித்து, வண்டியை அணைத்து, சாவியை எடுத்து, மோயருக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் கயிறு இருந்தால் கத்தியால் அறுத்து எடுங்கள்.

ஷியர் போல்ட் அடிக்கடி அறுகிறதே என்று கடினமான போல்ட் போடுகிறார்கள். அது அறுவதற்கென்றே வைத்த போல்ட், அது அறாவிட்டால் கியர்பாக்ஸ் பல் அறும். கையேட்டில் உள்ள தரத்திலேயே பத்துப் போல்ட் வாங்கிக் கருவிப்பெட்டியில் வையுங்கள். மல்ச்சரில் ஒரு பிளேடு உடைந்தால் அதற்கு நேரெதிரே உள்ளதையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லையென்றால் உருளை எடை சமன் தவறி அதிரும். ரப்பர் கருகும் வாடை வந்தால் பெல்ட் வழுக்குகிறது. நிறுத்தி பெல்ட்டின் இறுக்கத்தைச் சரிசெய்யாமல் தொடர்ந்தால் ஒரே நாளில் பெல்ட் போய்விடும்.

வெட்டும் உயரம் 3 முதல் 4 அங்குலம். அதற்குக் கீழே இறக்கினால் பிளேடு மண்ணைத்தான் வெட்டும். 4 அடி ஸ்லாஷரின் பிளேடு முனை நொடிக்கு 60 மீட்டருக்கு மேல் ஓடும், அதில் பட்ட கல் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. முன்னும் பின்னும் சங்கிலித் திரையோ ரப்பர் திரையோ இல்லாத மோயரை வாங்காதீர்கள். ஓடும்போது 300 அடிக்குள் ஆளும் மாடும் நிற்கக்கூடாது. மூன்று ஏக்கரில் அதற்குத் தோப்பைக் காலி செய்தாக வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன்

உங்கள் தோப்பில், உங்கள் மட்டை மேல் டெமோ ஓட்டச் சொல்லுங்கள். கடை வாசலில் காற்றில் சுழற்றிக் காட்டுவது டெமோ ஆகாது. பத்து நிமிடம் ஓடியதும் பேரிங் உட்கார்ந்திருக்கும் கூடுகளுக்கு அருகில் கையை வைத்துப் பாருங்கள், இன்ஜின் நின்ற பிறகுதான். கை வைக்க முடியாத சூடு என்றால் வேறு கருவி பாருங்கள்.

மானியம் வேண்டுமானால் முதலில் தமிழக அரசின் உழவன் செயலியில் பதிவு செய்து, வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான் கருவியை வாங்க வேண்டும். வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை, கருவிக்குக் கருவி உச்ச வரம்போடு கிடைக்கும். அனுமதிக்கப்பட்ட நிறுவனப் பட்டியலில் உள்ள மாடலா என்று பார்த்து, அதன் சோதனை அறிக்கையையும் கேளுங்கள். அனந்தபூர் அருகே கார்லதின்னேயில் உள்ள மத்திய அரசின் சோதனை நிலையம் போன்ற இடங்களில் சோதித்த கருவிகளின் அறிக்கையில் எடை, தேவைப்படும் சக்தி, பிளேடு கடினத்தன்மை வரை இருக்கும். பிளேடு, பெல்ட், ஆயில் சீல் மூன்றும் உங்கள் ஊரிலிருந்து அரை நாளில் போய் வாங்கிவரும் தூரத்தில் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.