அசெம்பிளி: புதிய மொழிபெயர்ப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதியவர்களின் வரைவுகளைத் திருத்தும்போது, ஆங்கில மூலத்தில் ‘அசெம்பிளி’ (assembly) வருகிற இடத்தில் பேனா தானாக நின்றுவிடுகிறது. எங்கள் தலைமுறை இடறிய அதே கல்லில்தான் இவர்களும் இடறுகிறார்கள். கணினிப் பாடத்தில் ‘அசெம்பிளி லாங்குவேஜ்’ என்ற நிரல்மொழியைப் ‘பேரவை மொழி’ என்று எழுதுகிறவரை விட்டுவிடலாம். மறுவாசிப்பில் அவரே சிரித்துத் திருத்திவிடுவார்.

பம்பு அசெம்பிளியைக் கழற்றச் சொன்னால்

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ‘ஒன்றுசேர்த்தல்’ என்று செயலாகவே இந்தச் சொல்லைப் படித்துப் பழகியிருக்கிறோம். இயந்திரக் கையேட்டிலோ அது பெரும்பாலும் பூட்டி முடித்த உருப்படியின் பெயர். உறை, சீல், இம்பெல்லர் எல்லாம் சேர்ந்த ஒரே பொருள். ஒர்க்‌ஷாப்பில் ‘செட்டோட கழட்டு’ என்பார்களே, அது.

ஒரு கையேட்டில் ‘பம்பு இணைப்பைப் பிரித்து எடுக்கவும்’ என்று எழுதியிருந்தார் ஒருவர். மூலம் சொன்னதோ, போல்ட்டுகளைக் கழற்றிப் பம்பை முழுசாக வெளியே எடு என்று. தமிழை நம்பிய மெக்கானிக் அதைப் பாகம் பாகமாகப் பிரித்திருப்பார், சீல் போயிருக்கும். அச்சான பிறகுதான் கண்ணில் பட்டது, பக்கங்களை மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. கேட்டால் அகராதியைக் காட்டுகிறார். பக்கத்திலேயே படம் இருந்ததே ஐயா!

உதிரிபாகப் பட்டியலில் அதற்கென்று ஒரு பார்ட் நம்பர் இருந்தால் அது பொருள். கழற்றும் முறைக்கு அடுத்த தலைப்பாக வந்தால் மட்டும் ‘பூட்டும் முறை’. மைக்ரோசாஃப்டின் மென்பொருள் தளமான டாட்நெட்டிலும் இதே கதை: தொகுத்து முடித்த டிஎல்எல் அல்லது இஎக்ஸ்இ கோப்புக்குத்தான் அந்தப் பெயர். மரபணுவியலில் 2013-இல் வெளியான ஜிஆர்சிஎச்38 என்ற மனித மரபணுத்தொகுதியின் மேற்கோள் வரிசையை அப்படிச் சொல்வதும், டிஎன்ஏ துண்டுகளைக் கோத்துக் கிடைத்த வரிசை என்ற பொருளில்தான்.

சட்டமன்றமா, பேரவையா?

தமிழ்நாட்டில் 1986-இல் மேலவை போனபின் இரண்டையும் கலந்தே எழுதுகிறோம், குழப்பம் வருவதில்லை. கர்நாடகத்தில் மேலவை இன்றும் இருக்கிறது. அங்கே சட்டமன்றம் என்றால் இரண்டு அவைகளும் சேர்ந்தது, ‘அசெம்பிளி’ என்பது கீழவை மட்டும். அந்தச் செய்திக்குப் ‘பேரவை’ என்றே எழுதுங்கள்.

சட்டவிரோதக் கூட்டம்

சட்டத்தில் வரும் ‘அன்லாஃபுல் அசெம்பிளி’ இதுதான். ‘ஐந்து பேருக்கு மேல்’ என்று எழுதாதீர்கள், ஐந்து பேரே போதும். ஆனால் ஐந்து பேர் கூடினாலே குற்றமாகிவிடாது; இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 189-ஆவது பிரிவு சொல்லும் நோக்கங்களில் ஒன்று அவர்களுக்குப் பொதுவாக இருக்கவும் வேண்டும். அந்தப் பாதியை விட்டுவிட்டால் டீக்கடையில் நிற்பவர்கள்கூடக் குற்றவாளிகள்தான்.

ஐ.நா.

பொதுச் சபை. ‘பொதுக்கூட்டம்’ அல்ல.

பள்ளி

காலை வழிபாட்டுக் கூட்டம்.