லடாக்குக்கு முதல் பைக் பயணம்: உயரத்தைப் படிப்படியாக ஏறுவது எப்படி?

லடாக் போகத் திட்டமிடும் பலரும் முதலில் கேட்பது, எந்த பைக், எத்தனை சிசி என்றுதான். ஒவ்வொரு இரவும் எந்த உயரத்தில் படுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் தாளில் எழுதுங்கள் என்பேன் நான். 5,000 மீட்டருக்கு மேல் இருக்கும் கணவாயைப் பகலில் கடந்து இறங்கிவிடலாம். உடம்பைச் சோதிப்பது தூங்கும் உயரம். கீழே உள்ள வரிசை அதை வைத்தே அமைந்தது.

படி 1: ஸ்ரீநகர் வழியாக நுழையுங்கள்

மணாலி வழியில் கிளம்பினால் ஜிஸ்பாவில் சுமார் 3,200 மீட்டரில் ஓர் இரவு தங்கி, மறுநாள் இரவே சர்ச்சுவில் 4,290 மீட்டரில் படுக்க நேரும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. ஸ்ரீநகர் சுமார் 1,600, கார்கில் 2,700, லடாக்கின் முக்கிய ஊரான லே 3,500 மீட்டர். இந்த வழி மெதுவாக ஏற்றும். இடையே ஜோஜி லாவும் 4,108 மீட்டர் ஃபோட்டு லாவும் வரும் (லா என்றால் கணவாய்). இரண்டையும் கடந்து கீழேதான் தூங்குவீர்கள்.

செப்டம்பர் முதல் பாதி என் தேர்வு. மழை ஓய்ந்திருக்கும், ஓடைகளில் தண்ணீர் குறையும்.

படி 2: வண்டி

சொந்த வண்டியை ரயிலில் பார்சல் போடுவதானால் பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, ஆர்சி நகலோடு போங்கள். வாடகை வண்டி என்றால் லேயிலேயே எடுங்கள். வெளியூரில் எடுத்த வாடகை பைக்கை நுப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங் ஏரிப் பக்கம் ஓட்ட உள்ளூர் வாடகை பைக் சங்கங்கள் விடுவதில்லை. 350 சிசி தாராளம். கார்புரேட்டர் வண்டி உயரத்தில் திணறும், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும். க்ளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ட்யூப், பஞ்சர் கிட், செயினுக்குப் போடும் எண்ணெய் கட்டாயம். போஸ்ட்பெய்டு சிம் வேண்டும். நம் ஊர் ப்ரீபெய்டு அங்கே வேலை செய்யாது.

படி 3: லேயில் சும்மா இருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். குறைந்தது 2 இரவு ஓய்வு. முதல் நாள் ஊர் சுற்ற வேண்டாம், மது அறவே வேண்டாம். தண்ணீர் குடியுங்கள், சூப்பும் சோறும் சாப்பிடுங்கள். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் இருந்தால் அது தீரும்வரை மேலே ஏறாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உயிருக்கு ஆபத்து: உடனே கீழே இறங்க வேண்டும், லேயில் இருந்தால் எஸ்என்எம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உயரத்தால் வரும் இந்த உபாதையைத் தடுக்க, டயாமாக்ஸ் என்று கிடைக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையை ஊரில் இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சல்ஃபா அலர்ஜி இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

கொல்லிமலையின் 70 ஊசி வளைவுகளை அலட்சியமாக ஓட்டியவருக்கும் இந்தக் காற்று புதிது. இளமை, உடற்பயிற்சி எதுவும் இங்கே காப்பு இல்லை.

படி 4: கர்துங் லா

லேயிலிருந்து சுமார் 40 கி.மீ. அங்குள்ள பழைய பலகை 18,380 அடி என்கிறது. ஜிபிஎஸ் அளவு 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. அதுவே மகா உயரம்தான், கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். உச்சியில் 15 நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலை விதி. ராணுவ கான்வாய் வந்தால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல் மலைப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள்.

அந்தப் பக்கம் இறங்கினால் நுப்ரா. அங்குள்ள ஹுண்டர் கிராமம் சுமார் 3,100 மீட்டர், லேயைவிடத் தாழ்வு. அதனால்தான் பாங்காங்குக்கு முன் நுப்ரா. ஷ்யோக் ஆற்றோரம் மணல்மேடுகளும் இரட்டைத் திமில் ஒட்டகங்களும் இருக்கும். மணல்மேட்டில் தயவுசெய்து பைக்கை ஏற்றாதீர்கள். அந்த வறண்ட மண்ணில் ஒரு செடி வேர்பிடிக்கவே பல காலம் ஆகும்.

படி 5: ஓடை கடப்பது

ஷ்யோக் ஓரச் சாலையில் பாங்காங் போகும்போது பனி உருகிய நீர் சாலையைக் குறுக்கே கடக்கும். வெயில் ஏற ஏறத் தண்ணீர் கூடும். ஆகவே விடியலில் கிளம்புங்கள். முதலில் இறங்கி நின்று ஆழம் பாருங்கள், முன்னால் போகும் வண்டியின் தடத்தைக் கவனியுங்கள். முதல் கியர், சீரான ஆக்ஸிலரேட்டர், பார்வை அக்கரையில். நடுவில் க்ளட்ச் பிடித்தால் வேகம் செத்து வண்டி சாயும். நீரின் இழுப்பு முழங்காலைத் தள்ளுமளவு இருந்தால் காத்திருங்கள், அல்லது திரும்புங்கள்.

படி 6: பாங்காங், பிறகு மணாலி

ஏரி சுமார் 4,250 மீட்டரில் இருக்கிறது. ஓர் இரவு போதும். இரவுக் குளிருக்குத் தெர்மல் உடை வேண்டும். சாங் லா வழியே இறங்கினால் காரு. இப்போது உடம்பு பழகியிருக்கும், மணாலி வழியாக வெளியேறலாம். காருவில் டேங்கை நிரப்பி 5 லிட்டர் கேனும் கட்டிக்கொள்ளுங்கள். மணாலி சாலையில் தாண்டி என்ற ஊரிலுள்ள பெட்ரோல் பங்க் வரை 300 கி.மீ.க்கு மேல் ஓடுமளவு பெட்ரோல் கையில் இருக்க வேண்டும். வழியில் பாங் என்ற இடத்தில் தங்கலாம் என்று யாராவது சொன்னால், அது 4,600 மீட்டர். சாப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.