ஜிஆர்இ ஆங்கிலச் சொற்களைப் படிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கும் பலருக்கு, அதற்காக எழுதும் ஜிஆர்இ தேர்வில் கணக்குப் பகுதி பயமில்லை. வெர்பல் எனும் ஆங்கிலப் பகுதி என்றதும்தான் முகம் மாறும். உடனே யாராவது மூவாயிரத்துச் சொச்சம் சொற்கள் கொண்ட பிடிஎஃப் ஒன்றை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவார்கள். 'ஏ' முடிந்து 'பி' வருவதற்குள் ஆர்வம் வடிந்துவிடும். அந்தப் பட்டியல் உங்களுக்குத் தேவையே இல்லை.

படி 1: கேள்வியைப் பாருங்கள்

எதிர்ச்சொல் கண்டுபிடி என்று நேரடியாகக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. அப்போது மனப்பாடம் எடுபட்டது. 2011 ஆகஸ்டில், தேர்வை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனம் அந்த வகைக் கேள்விகளை எடுத்துவிட்டது. 2023 செப்டம்பரில் மொத்தத் தேர்வையும் இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கியது. இப்போது வெர்பலில் இரண்டு பகுதிகள்: 18 நிமிடத்தில் 12 கேள்விகள், 23 நிமிடத்தில் 15 கேள்விகள். ஏறக்குறைய பாதிக் கேள்விகள் கோடிட்ட இடத்தை நிரப்புபவை.

அதில் சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ் என்ற வகையை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஆறு சொற்கள் தருவார்கள், கோடிட்ட இடத்தில் பொருந்தி வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உதாரணத்துக்கு நானே எழுதிய ஒன்று: 'மணிக்கணக்கில் பேசுபவர் என்று பெயரெடுத்திருந்தும், அன்று அவர் சொன்ன பதில் ______ ஆக இருந்தது.' தந்திருக்கும் சொற்கள்: லேகானிக், வெர்போஸ், காண்டிட், டெர்ஸ், லொகுவேஷியஸ், ஹாஸ்டைல்.

இதில் ஒரே பொருள் தரும் ஜோடிகள் இரண்டு. வெர்போஸும் லொகுவேஷியஸும் வளவளவென்று பேசுவது. லேகானிக்கும் டெர்ஸும் சுருக்கமாகப் பேசுவது. பட்டியலை மட்டும் படித்தவர் முதல் ஜோடியைக் கண்டதும் டிக் அடித்துவிட வாய்ப்புண்டு. 'பெயரெடுத்திருந்தும்' என்பதில் உள்ள 'உம்'தான் வாக்கியத்தைத் திருப்புகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை தோ, ஆல்தோ, டிஸ்பைட் போன்றவை செய்யும். ஆக, விடை லேகானிக், டெர்ஸ். ஒன்று சரி, ஒன்று தப்பு என்றால் பாதி மதிப்பெண் கிடையாது.

படி 2: சின்னப் பட்டியல் ஒன்று போதும்

ஆயிரம் சொற்கள் அளவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றவற்றை போனிலிருந்து அழித்துவிடுங்கள். நாளுக்கு 15 புதிய சொற்கள் என்றால் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் ஆகும். தேர்வுத் தேதியை அதற்கேற்பப் பதிவு செய்யலாம்.

படி 3: அட்டை எழுதுங்கள்

ஆன்கி என்ற ஆப் கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. மறக்கப்போகும் நேரம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டுவதுதான் அதன் வேலை.

அட்டையின் முன்பக்கம் வெறும் சொல்லை எழுதாதீர்கள், வாக்கியமாக எழுதுங்கள். எனர்வேட் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். எனர்ஜி மாதிரி ஒலிப்பதால் தெம்பு தருவது என்று நினைக்கத் தோன்றும். பொருள் நேர் எதிர்: துவண்டுபோகச் செய்வது. 'தி மே ஹீட் எனர்வேட்டட் தி பிளேயர்ஸ்' என்று எழுதிவைத்தால் போதும். அக்னி நட்சத்திரத்தில் சேப்பாக்கம் கேலரியில் உட்கார்ந்தவர் அதை மறக்க மாட்டார். பின்பக்கம் எளிய ஆங்கிலத்தில் பொருள், பக்கத்தில் அதே பொருள் தரும் ஒரு சொல்.

இன்னொன்று. விடை ஞாபகம் வரவில்லை என்றால் 'அகெய்ன்' பட்டனை அழுத்துங்கள். கௌரவம் பார்த்து 'ஹார்ட்' அழுத்தினால், உங்களுக்கு ஞாபகம் வந்துவிட்டதாக ஆப் கணக்கு வைத்துக்கொள்ளும்.

தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் தினமும் போய்வருகிறவருக்கு அட்டைகளைப் பார்க்க வேறு நேரமே தேட வேண்டாம். சிக்னல் இல்லாவிட்டாலும் ஆன்கி வேலை செய்யும்.

படி 4: தெரிந்த சொல்லைச் சந்தேகப்படுங்கள்

என்னைக் கேட்டால், புரியாத சொல்லைவிட ஆபத்து இதில்தான். குவாலிஃபைட் என்றால் நமக்கு வேலை விளம்பரமும் மணமகன் தேவை விளம்பரமும்தான் நினைவுக்கு வரும். ஜிஆர்இ வாக்கியத்தில் 'குவாலிஃபைட் சப்போர்ட்' என்றால் நிபந்தனையோடு கூடிய ஆதரவு. டெம்பர் என்றால் தணிப்பது. செக் என்றால் தடுத்து நிறுத்துவது. சாங்ஷன் அனுமதியும் ஆகும், தண்டனையும் ஆகும். இவற்றுக்குத் தனிக் கட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: படிக்கும்போது பிடியுங்கள்

தினம் ஓர் ஆங்கிலத் தலையங்கம். 'தி இந்து' வீட்டுக்கு வந்தால் அதுவே போதும். அட்டையில் பார்த்த சொல் அங்கே வந்தால் அந்த வாக்கியத்தையே அட்டையில் சேர்த்துவிடுங்கள். வீட்டில் டிவி சத்தம் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனிப் பகுதியே உண்டு.

படி 6: தேர்வு எழுதிப் பாருங்கள்

ஈடிஎஸ் தரும் பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளில் இரண்டு இலவசம். ஒன்றைச் சொற்களில் பாதி முடிந்ததும் எழுதுங்கள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும், சொல் தெரியாததாலா, வாக்கியம் திரும்பியதைக் கவனிக்காததாலா என்று எழுதி வையுங்கள். முதல் காரணம் என்றால் ஆன்கிக்குப் போங்கள், இரண்டாவது என்றால் புதிய சொற்களை ஒரு வாரம் நிறுத்திவிட்டுக் கேள்விகளை மட்டும் போட்டுப் பழகுங்கள். நெகட்டிவ் மார்க் கிடையாது, அதனால் எதையும் காலியாக விடாதீர்கள். இரண்டாவது இலவசத் தேர்வைக் கடைசி வாரம் வரை திறக்க வேண்டாம்.