வன்னிக்குப் பழைய கசெற் கமரா கொண்டுசெல்வோர் கவனத்துக்கு

ஊருக்குப் போகும்போது குறைந்த விலையில் ஒரு பழைய கசெற் கமரா (கசெற்றில் வீடியோ பதியும் கமரா) வாங்கிச் செல்லலாமா என்று கேட்பவர்களிடம், படம் பிடிப்பதற்காக என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். சட்டைப்பையில் இருக்கும் கைத்தொலைபேசி அதைவிடத் தெளிவாகப் பிடிக்கும். ஆனால் ஊரில் பெட்டிக்குள் கிடக்கும் கசெற்றுகளை ஓடவிட்டுப் பார்க்கவும், அவற்றைக் கணினிக்கு மாற்றவும் வேண்டுமென்றால் அந்தக் கமராதான் தேவை. 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்தபின் வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலையும் சாமத்தியவீடுகளையும் எடுத்து, கசெற்றை வீட்டாரிடமே விட்டுச் சென்றதுண்டு. 2009இன் போர்க்கால இடப்பெயர்வில் அப்படியானவை பலவும் தொலைந்துபோயின. வவுனியாவிலோ மன்னாரிலோ உறவினர் வீட்டில் தப்பிக் கிடக்கும் ஒன்றிரண்டை வெளிநாட்டுக்குக் கொடுத்தனுப்ப அம்மம்மாமார் எளிதில் சம்மதிப்பதில்லை, அது நியாயமும்கூட. எனவே கசெற் இருக்கும் இடத்துக்குக் கமரா போக வேண்டியிருக்கிறது.

வாங்குவதற்கு முன், வீட்டில் இருப்பது எந்த வகைக் கசெற் என்று அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புத்தகம் போலப் பெரிதாக இருப்பது வி.எச்.எஸ்.; அதற்குக் கமரா வேண்டாம், ஓடுகிற வீடியோ டெக் ஒன்றுதான் வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்குகிறவற்றில் இங்கு பார்க்க வேண்டியவை இரண்டு வகை. ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் தடிப்பானது வி.எச்.எஸ்.-சி; ஒன்றரைச் சென்ரிமீற்றர் தடிப்பானது 8 மில்லிமீற்றர் கசெற். வி.எச்.எஸ்.-சி கசெற்றை அதற்குரிய கூட்டுக்குள் வைத்துச் சாதாரண டெக்கிலேயே போடலாம். 8 மில்லிமீற்றருக்கும் அப்படியொரு கூடு இருக்கும் என்று நம்பித் தேடுவோர் பலர். அப்படி ஒன்று கிடையாது, இருக்கவும் முடியாது, ஏனெனில் நாடாவின் அகலமே வேறு. ஆகவே இவ்விரண்டில் பழைய கமரா உண்மையில் தேவைப்படுவது 8 மில்லிமீற்றர் கசெற் வைத்திருப்போருக்கே. அதிலும் இந்த வகையில் முதலில் வந்த வீடியோ8 கமராவைத் தவிர்த்து, அதன் மேம்பட்ட வடிவமான ஹை8 கமராவையே வாங்குங்கள். 1985 வாக்கில் சந்தைக்கு வந்த வீடியோ8இன் கசெற்றுகளை 1989இல் வந்த ஹை8 கமரா ஓட்டும். ஹை8இல் பதிந்ததை வீடியோ8 கமரா ஒழுங்காக ஓட்டாது. 1999இல் வந்த டிஜிற்றல்8 கமராக்கள் சிலவும் பழைய கசெற்றை ஓட்டும், ஆனால் எல்லா மாதிரிகளும் அல்ல. விலையும் பெரும்பாலும் கூடுதல்.

பலரும் காசைத் தொலைப்பது அடுத்த விடயத்தில்தான். இலங்கை, பிரித்தானியா, ஜேர்மனி, சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் விற்ற கமராக்கள் 625 வரிகளும் நொடிக்கு 25 படங்களும் கொண்ட ‘பால்’ முறையில் பதிபவை. கனடாவிலும் அமெரிக்காவிலும் விற்றவை 525 வரிகளும் நொடிக்கு ஏறத்தாழ 30 படங்களும் கொண்ட ‘என்.ரி.எஸ்.சி.’ முறையில் பதிபவை. ரொறன்ரோவில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய கமராவில், சுவிஸிலிருந்து வந்த சித்தப்பா கிளிநொச்சியில் எடுத்த கசெற்றைப் போட்டால் ஒழுங்கான படம் வராது. கசெற்றைப் பதிந்தவர் எந்த நாட்டிலிருந்து வந்தார் என்பதே இங்கு கேள்வி. அது இப்போது எந்த நாட்டில் கிடக்கிறது என்பதல்ல. கசெற்றின் மேல் ‘பி5’ (P5) என்றிருந்தால் அது பால் நாடுகளுக்காகவும், ‘பி6’ (P6) என்றிருந்தால் என்.ரி.எஸ்.சி. நாடுகளுக்காகவும் விற்கப்பட்டது. ஆனால் வெற்று நாடா ஒன்றேயாகையால் அந்தக் குறியை மட்டும் நம்ப முடியாது. சொனி கமராக்களில் மாதிரி எண்ணின் கடைசியில் ஆங்கில ‘ஈ’ எழுத்து இருந்தால் அது பால் முறை. அவற்றுள் பிற்காலத்தவை சில என்.ரி.எஸ்.சி. கசெற்றையும் ஓட்டிக் காட்டும். விற்பவர் அதை உறுதிப்படுத்தினால் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தும் வாங்கலாம். கனடாவில் இருப்பவர்கள் இலண்டனிலோ பேர்லினிலோ உள்ள சொந்தக்காரரைக் கொண்டு வாங்குவிப்பது நல்லது.

1990களின் தொடக்கத்தில் வந்த கமராக்கள் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும், உள்ளேயுள்ள சிறு மின்தேக்கிகள் கசிந்து பழுதாகிப்போவது வழக்கம். 1990களின் பிற்பகுதியில் வந்த, பக்கவாட்டில் திறக்கும் திரையுள்ள சொனி ரி.ஆர்.வி. (TRV) வகைக் கமராக்கள் இந்த வகையில் பாதுகாப்பானவை. அவற்றில் பல என்.பி.-எஃப் பற்றரியில் இயங்குவதும் பெரிய வசதி. அந்தப் பற்றரி இன்றும் ஒளிவிளக்குகளுக்காகப் புதிதாகச் செய்து விற்கப்படுகிறது. வாங்கும்போது வேறொரு கமராவில் பதிந்த கசெற்றைப் போட்டு ஓடவிட்டுப் பாருங்கள். தானே பதிந்ததைத் தானே ஓட்டுவது பரிசோதனை ஆகாது. திரையில் சி:22 (C:22) என்று வந்தால் நாடாவை வாசிக்கும் தலை அழுக்கு, துடைத்தால் சரியாகலாம். சி:31, சி:32 திரும்பத் திரும்ப வந்தால் பொறியில் பழுது, விட்டுவிடுங்கள். லென்ஸில் கீறல் இருந்தால் அதைக் காட்டி விலையைக் குறைக்கக் கேளுங்கள், உங்கள் வேலைக்கு அது இடையூறல்ல.

சார்ஜரில் 100–240 வோல்ற் என்று எழுதியிருக்க வேண்டும். 110 வோல்ற்றுக்கு மட்டுமான கனேடிய சார்ஜரை ஊரில் 230 வோல்ற்றில் செருகினால் எரிந்துவிடும். மின்தடை வரும் என்பதையும் கணக்கில் எடுத்து, 90 நிமிடக் கசெற்றை மாற்ற 90 நிமிடம் முழுதாக வேண்டும் என்பதால், கமராவுக்கும் மடிக்கணினிக்கும் பற்றரி நிறையச் சார்ஜ் இருக்கும்போதே தொடங்குங்கள். குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறங்கியதும் கமராவைத் திறக்காதீர்கள். ஈரம் உள்ளே படிந்தால் சி:21 என்று காட்டி நின்றுவிடும்; பொலித்தீன் பைக்குள் கட்டியபடியே ஒரு மணித்தியாலம் விட்டுவைத்தால் போதும். கோடையில் செம்மண் புழுதியும் அதே அளவு கெடுதி செய்யும் என்பதால், கசெற் மாற்றுவதை அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கசெற்றைப் போடுமுன் அதன் கண்ணாடி வழியே சுருளின் விளிம்பைப் பாருங்கள். இடப்பெயர்வுக் காலத்தில் மண்ணுக்குள் புதைத்து வைத்து எடுத்ததென்றால் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருக்கலாம். அதை ஓட்டினால் கமராவின் தலையும் கெட்டு, அடுத்துப் போடும் நல்ல கசெற்றும் கெடும். அத்தகையதைத் தொழில்முறையாகச் சுத்தம் செய்பவரிடம் கொடுப்பதே வழி. நல்ல கசெற்றாயினும் முதுகிலுள்ள சிறு நாக்கை நகர்த்திச் சிவப்புத் தெரிய வைத்த பிறகே உள்ளே விடுங்கள். இல்லையேல் ஒரு பொத்தானைத் தவறி அழுத்தினாலே கலியாணவீட்டின் மேல் உங்கள் முழங்கால் பதிவாகிவிடும். மாற்றிய பதிவின் ஒரு பிரதியைப் பென்டிரைவில் வீட்டாரிடமே கொடுத்து, அவர்களுடைய தொலைக்காட்சியில் ஓடுகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

அதே கமராவால் படமும் பிடிக்க ஆசைப்பட்டால் வீட்டு முற்றத்திலும் கோயில் வீதியிலும் பிடியுங்கள். படைமுகாம்களையும் சோதனைச் சாவடிகளையும் நோக்கி, ஓடும் வாகனத்திலிருந்துகூட, அதைத் திருப்ப வேண்டாம்.