ஒன்று இரண்டாகத் தெரிகிறதா? ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்

பெங்களூரு அல்சூர் பக்கம் நம்மவர்களில் சிலர், பஸ் நம்பர் இரண்டாகத் தெரிந்தால் கண்ணாடிக் கடைக்கு ஓடுகிறார்கள். அதற்கு முன் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். அப்போதும் இரட்டையாகவே இருந்தால் பெரும்பாலும் கண்புரை, கண் வறட்சி மாதிரி, திறந்திருக்கும் அந்தக் கண்ணிலேயே உள்ள கோளாறு. எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகிவிட்டால், கண்ணை அசைக்கும் தசையிலோ நரம்பிலோ சிக்கல். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு இது வருவதுண்டு; பலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். அதுவரை இரண்டு பிம்பத்தை ஒன்றாக்கும் பிரிசம் கண்ணாடியோ ஒரு கண்ணுக்கு மறைப்போ டாக்டர் தருவார். மின்டோ அரசு கண் மருத்துவமனை இருக்கிறது, போய்க் காட்டுங்கள். வண்டி மட்டும் ஓட்டவே வேண்டாம்.

திடீரென்று வந்து, கடும் தலைவலி, இமை தொங்கல், பேச்சுக் குழறல் சேர்ந்தால் உடனே 108.