டெலிகாஸ்டரில் தொடரிணைப்பு: எங்கே சறுக்குகிறது?

டெலிகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டாரின் மூன்று நிலை ஸ்விட்சைக் கழற்றி நான்கு நிலை ஸ்விட்ச் போட்டால், நெக் பிக்கப்பும் பிரிட்ஜ் பிக்கப்பும் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்கள்) தொடரிணைப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, சேரும் நான்காவது ஒலி கிடைக்கும். அரை மணி நேர வேலைதான். ஆனால் பலர் முதல் முயற்சியில் தோற்பது ஸ்விட்சில் அல்ல, பிக்கப்பில்.

நெக் பிக்கப்பின் உலோக மூடி, அதே பிக்கப்பின் கிரவுண்ட் (பூஜ்ய மட்ட) வயரோடு ஒரு சிறு துண்டுக் கம்பியால் சேர்த்து ஈயம் வைக்கப்பட்டிருக்கும். தொடரிணைப்பில் அந்த வயர் கிரவுண்டுக்குப் போகாது, பிரிட்ஜ் பிக்கப்பின் ஹாட்டோடு (சிக்னல் வயரோடு) சேரும். மூடியும் கூடவே சிக்னல் பாதையில் ஏறிவிடும். கை பட்டதும் இரையும். ஆகவே அந்தத் துண்டை வெட்டி, மூடிக்கு மட்டும் தனி வயர் வைத்து வால்யூம் பாட்டின் (ஒலியளவைத் திருகும் மாறுதடையின்) முதுகில் கிரவுண்ட் செய்ய வேண்டும். பக்கத்திலேயே முடியைவிட மெல்லிய காயில் (சுருள்) கம்பி இருக்கிறது. கட்டரின் நுனி அதில் பட்டால் பிக்கப்பே போய்விடும்.

வெட்டாமல் மூடிக்குப் புது வயர் மட்டும் கொடுப்பது இதைவிட மோசம். நெக்கின் கிரவுண்ட் முனை நிரந்தரமாகக் கிரவுண்டில் மாட்டிக்கொள்ளும், தொடரிணைப்பில் பிரிட்ஜ் ஷார்ட் ஆகும், நெக் மட்டுமே கேட்கும்.

சிலர் மூடியைத் தொடப் பயந்து பிரிட்ஜ் பிக்கப்பின் கிரவுண்டைத் தூக்குவார்கள், அதாவது கிரவுண்டிலிருந்து கழற்றுவார்கள். அங்கேயும் இதே கண்ணிதான். அதன் அடித்தகடு ஒரு ஜம்பரால் (சிறு இணைப்புக் கம்பியால்) கிரவுண்ட் வயரோடு சேர்ந்திருக்கிறது, திருகுகள் வழியே பிரிட்ஜ் தகட்டையும் தொடுகிறது. பிரிட்ஜின் கிரவுண்ட் அங்கேயே இருக்கட்டும். தூக்க வேண்டியது நெக்கின் கிரவுண்டை.

ஸ்விட்சில் இரண்டு பொது முனைகள், பக்கத்துக்கு நான்கு நிலை முனைகள்: 1 பிரிட்ஜ் மட்டும், 2 இரண்டும் வழக்கம்போலச் சேர்ந்து, 3 நெக் மட்டும், 4 தொடரிணைப்பு. முனைகளின் வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். படத்தை நம்பாமல், மல்டிமீட்டரைத் தொடர்ச்சி ஒலியில் வைத்து முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நெக் ஹாட் நேராக வால்யூமுக்கு. பிரிட்ஜ் ஹாட் முதல் பொது முனைக்கு: அந்தப் பக்கம் 1, 2 வால்யூமுக்கு, 3 காலி. நெக் கிரவுண்ட் இரண்டாவது பொது முனைக்கு: அந்தப் பக்கம் 1 வால்யூமுக்கு, 2, 3 கிரவுண்டுக்கு. இரு பக்கத்து 4-ஐயும் ஒரு ஜம்பரால் சேர்க்கவும். இரண்டாம் பக்கத்து 1-ஐக் காலியாக விட்டாலும் வேலை செய்யும். ஆனால் பிரிட்ஜ் மட்டும் ஒலிக்கும்போது நெக் காயில் ஹாட்டில் தொங்கி ஆன்டெனாபோல இரைச்சலை இழுக்கும். சிறிய ஜம்பர்தான், சோம்பல்பட வேண்டாம்.

அடுத்தது ஃபேஸ், அதாவது இரண்டு பிக்கப்பின் சிக்னலும் ஒரே திசையில் ஏறி இறங்குகிறதா என்பது. இரண்டு பிக்கப்பும் எதிரெதிராக இருந்தால் சேர்ந்த ஒலி மூக்கடைத்தாற்போல மெலிந்து வரும். மல்டிமீட்டரை 20 கிலோஓமில் வைத்து, சிவப்பை ஹாட்டில் பிடித்து, ஸ்க்ரூடிரைவரைக் காந்தத் துருவத்தில் தொட்டுச் சட்டென்று எடுங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். இரண்டு பிக்கப்பிலும் ஒரே திசை வர வேண்டும். மாறினால் நெக்கின் இரு வயர்களை இடம் மாற்றுங்கள், மூடியின் துண்டை வெட்டிய பிறகு.

தொடரிணைப்பில் ஒலி தடிக்கும், சத்தம் கூடும், உச்ச சுரங்கள் மங்கும். அது பழுதல்ல, காயில்களின் தூண்டல் கூடியதன் விளைவு.

கிட்டாரின் தந்திகளை மாட்டுமுன் கேபிளைச் சொருகி, வால்யூமை முழுதும் திறந்து, மறுமுனையில் மின்தடை பாருங்கள். நெக் 7, பிரிட்ஜ் 7.5 கிலோஓம், பாட் 250 கிலோஓம் என்றால் 1-இல் சுமார் 7.3, 2-இல் 3.6, 3-இல் 6.8, 4-இல் 13.7 வரும். 4-இல் 6.8 மட்டும் வந்து, 1-இல் சுழியம் காட்டினால் மூடித் துண்டு இன்னும் வெட்டப்படவில்லை.