கேசினோவின் சாதகத்தைக் கணக்கிட்டுப் பந்தயம் வைப்பது எப்படி?

சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் வைக்கும் ரூலெட் ஆட்டத்தில், ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒரே ஓர் எண்ணின் மீது ஒரு சிப்பை (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லையை) வைத்து, பந்தும் அதே எண்ணில் விழுந்துவிட்டால், கேசினோ 35 சிப்புகளைப் பரிசாகத் தந்து நீங்கள் வைத்த சிப்பையும் திருப்பித் தருகிறது. ஆனால் 37 குழிகள் உள்ள சக்கரத்தில் நியாயமான பரிசு 36 சிப்புகளாக இருந்திருக்க வேண்டும். குறைத்துத் தரப்படும் அந்த ஒரு சிப்தான் அந்த மேசையின் வருமானம் முழுவதற்கும் மூலம். சக்கரத்தில் எந்த மோசடியும் வேண்டியதில்லை. யார் எந்த எண்ணில் வைத்தாலும் கேசினோவுக்குக் கவலையும் இல்லை.

இதைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. 37 எண்களின் மீதும் தலா ஒரு சிப்பை வைப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எந்த எண் விழுந்தாலும் உங்கள் கைக்கு 36 சிப்புகளே திரும்பி வரும், ஒன்று போய்விடும். 37இல் ஒன்று என்பது 2.70 சதவீதம். ஹவுஸ் எட்ஜ் என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் கேசினோவின் சாதகம் இதுதான்: வைக்கப்படும் பந்தயத் தொகையில் நீண்டகாலச் சராசரியாகக் கேசினோ தன்னிடமே வைத்துக்கொள்ளும் பங்கு.

அதே முறையை எந்தப் பந்தயத்துக்கும் பொருத்தலாம். மொத்தம் எத்தனை விளைவுகள், அவற்றில் எத்தனை உங்களுக்குச் சாதகம், வென்றால் எவ்வளவு தருகிறார்கள் என்ற மூன்று விவரங்கள் தெரிந்தால் போதும். பகடை வீசி ஆடும் க்ராப்ஸ் மேசையில், அடுத்த வீச்சில் ஏழு விழும் என்று வைக்கும் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு பகடைகளில் 36 சேர்க்கைகள் உள்ளன. அவற்றில் ஆறு சேர்க்கைகளின் கூட்டுத்தொகை மட்டுமே ஏழு. வென்றால் ஒன்றுக்கு நான்கு தருகிறார்கள். 36 வீச்சுகளில் ஆறு முறை நான்கு சிப் வீதம் 24 வருகிறது, மீதி 30 முறை ஒவ்வொன்றாக 30 போகிறது. நட்டம் ஆறு, 36இல் ஆறு என்றால் 16.67 சதவீதம். மேசையின் நடுவில் கவர்ச்சியாக எழுதப்பட்டிருக்கும் இந்தப் பந்தயம், ரூலெட்டைப் போல ஆறு மடங்கு விலை உடையது என்பதைக் காகிதத்தில் போட்ட நான்கு வரிக் கணக்கு காட்டிவிடுகிறது.

சதவீதம் எதன் மீது?

பெரும்பாலானோர் தவறிழைக்கும் இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று பார்ப்பது நல்லது. சாதகம் 2.7 சதவீதம் என்றால், கையில் கொண்டுபோன பணத்தில் 2.7 சதவீதம் போகும் என்று பொருள் அல்ல. ஆட்டம் முடியும் வரை நீங்கள் மேசையில் வைத்த எல்லாப் பந்தயங்களின் கூட்டுத்தொகையில் அவ்வளவு போகும் என்பதே பொருள். வென்ற சிப்பை மறுபடி வைக்கும்போது அதுவும் புதிய பந்தயமாகிறது, அதற்கும் அதே விகிதம் பிடித்தம்.

200 சிப்புகளோடு அமர்ந்து, சுற்றுக்குப் பத்து சிப் வீதம், மணிக்கு 40 சுற்றுகள் கொண்ட ரூலெட் மேசையில் மூன்று மணி நேரம் ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 120 சுற்றுகளில் மொத்தம் 1,200 சிப்புகளைப் பந்தயமாக வைத்திருப்பீர்கள். அதில் 2.7 சதவீதம் ஏறத்தாழ 32 சிப்புகள். கொண்டுபோன 200இல் அது 16 சதவீதம். பக்கத்து மேசையில் 0, 00 என இரண்டு பூஜ்யக் குழிகளோடு 38 குழிகள் கொண்ட இரட்டைப் பூஜ்யச் சக்கரம் சுழன்று, நீங்கள் அங்கே அமர்ந்திருந்தால் அதே மூன்று மணி நேரத்தின் சராசரி விலை 63 சிப்புகள்.

ஆகவே கவனிக்க வேண்டியவை நான்கு: சாதகத்தின் விகிதம், ஒரு பந்தயத்தின் அளவு, மணிக்கு எத்தனை பந்தயங்கள், எத்தனை மணி நேரம். நான்கையும் பெருக்கினால் கிடைப்பதே அந்த மாலைப் பொழுதின் எதிர்பார்ப்பு விலை. வாடிக்கையாளர்களுக்கு இலவச உணவோ தங்கும் அறையோ கொடுக்கலாமா என்று தீர்மானிக்கக் கேசினோ நிர்வாகம் பயன்படுத்துவதும் ஏறத்தாழ இதே பெருக்கல்தான். உங்களிடமிருந்து சராசரியாக எவ்வளவு வரும் என்று அவர்கள் கணக்கிட்டு, அதில் ஒரு பகுதியைத்தான் உபசாரமாகத் திருப்பித் தருகிறார்கள். அந்த உபசாரத்துக்காகக் கூடுதல் நேரம் ஆடுவது வீண்.

வேகத்தின் வலிமையை ஸ்லாட் இயந்திரங்களில் தெளிவாகக் காணலாம். பந்தயம் ஒரே ஒரு சிப்தான் என்று அலட்சியமாக அமர்பவர் மணிக்கு 600 முறை எளிதாகச் சுழற்றிவிடுகிறார். இயந்திரம் 92 சதவீதம் திருப்பித் தருவதாக இருந்தால் சாதகம் எட்டு சதவீதம். மணிக்கு 48 சிப்புகள் கரைகின்றன. சுற்றுக்குப் பத்து சிப் வைக்கும் ரூலெட்காரரோ மணிக்குச் சராசரியாகப் பதினொன்றுக்கும் குறைவாகவே இழக்கிறார். சிறிய பந்தயம் என்பதும் மலிவான ஆட்டம் என்பதும் ஒன்றல்ல.

அப்படியானால் வென்று வருகிறவர்கள்?

சராசரி என்பது நெடுநேரத்துக்குப் பின்னரே முகம் காட்டும். ஒற்றைப் பூஜ்ய ரூலெட்டில், 37இல் 18 குழிகள் கொண்டதும் வென்றால் ஒன்றுக்கு ஒன்று தருவதுமான சிவப்பின் மீது ஒரே அளவாக 100 முறை வைப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கும் சற்று மேற்பட்டோர் லாபத்தோடு எழுந்திருப்பார்கள். அவர்கள் கதைகளே வெளியே பேசப்படுகின்றன. அதே பந்தயத்தை 10,000 முறை வைத்தவர்களில் லாபத்தில் நிற்பவர்கள் ஆயிரத்துக்கு மூன்று நான்கு பேர் மட்டுமே. கேசினோவோ ஒரு நாளில் எல்லா மேசைகளிலும் சேர்த்து இதைவிடப் பல மடங்கு பந்தயங்களைக் காண்கிறது. அதற்கு அதிர்ஷ்டம் தேவைப்படாததன் காரணம் அதுவே.

எந்த மேசை, எந்தப் பந்தயம்?

ரூலெட்டில் எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் பயன் இல்லை, சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பயன் உண்டு. ஒற்றைப் பூஜ்யத்தில் சாதகம் 2.70, இரட்டைப் பூஜ்யத்தில் 5.26, அண்மைக் காலத்தில் தோன்றியுள்ள மூன்று பூஜ்யச் சக்கரத்தில் 7.69 சதவீதம். பரிசோ மூன்றிலும் அதே 35தான். இரட்டைப் பூஜ்ய மேசையில் 0, 00, 1, 2, 3 ஆகிய ஐந்தையும் சேர்த்து வைக்கும் பந்தயம் மட்டும் 7.89 சதவீதமாக இன்னும் மோசம். சில பிரெஞ்சு மேசைகளில் பூஜ்யம் விழும்போது சிவப்பு, கருப்பு போன்ற சரிபாதிப் பந்தயங்களில் பாதியைத் திருப்பித் தரும் விதி உண்டு. அங்கே சாதகம் 1.35 ஆகக் குறைகிறது. ஒரு வரலாற்றுச் செய்தியையும் இங்கே சொல்லலாம்: 1843இல் ஜெர்மனியின் ஹோம்பர்க் நகரில் பிளாங்க் சகோதரர்கள் ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தை அறிமுகம் செய்தது, போட்டியாளர்களைவிடக் குறைந்த விலைக்கு ஆட்டத்தை விற்று வாடிக்கையாளர்களை இழுப்பதற்காகவே. சாதகம் என்பது விலை என்று கேசினோ முதலாளிகள் எப்போதோ புரிந்துகொண்டிருந்தார்கள்.

கையிலுள்ள சீட்டுகளின் கூட்டு மதிப்பு 21ஐத் தாண்டாமல் டீலரை (கேசினோ சார்பில் சீட்டுப் போடுபவரை) மிஞ்ச முயலும் பிளாக்ஜாக்கில் நிலைமை வேறு, ஏனெனில் அங்கே ஆடுபவரின் முடிவுகளும் கணக்கில் சேர்கின்றன. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய நான்கு கணிதக்காரர்கள் மேசைக் கணக்கு இயந்திரங்களைக் கொண்டு ஒவ்வொரு கைக்கும் (ஆடுபவரிடம் உள்ள சீட்டுத் தொகுப்புக்கும்) உகந்த முடிவைக் கண்டறிந்து 1956இல் வெளியிட்டார்கள். பின்னர் கணினிகளால் திருத்தப்பட்ட அந்த அடிப்படை உத்தியைப் பிசகாமல் பின்பற்றினால், நல்ல விதிகள் உள்ள மேசையில் சாதகம் அரை சதவீதத்தை ஒட்டி நிற்கும். மனம் போன போக்கில் ஆடினால் அது பல மடங்காகும். ஏஸ் ஜோடியையும் எட்டு ஜோடியையும் எப்போதும் இரு தனிக் கைகளாகப் பிரிப்பது, பத்து ஜோடியை ஒருபோதும் பிரிக்காதது, கையில் 12 இருந்து டீலரிடம் 4, 5, 6 தெரிந்தால் சீட்டு கேட்காமல் நிற்பது என்று அட்டவணை முழுவதையும் மனப்பாடம் செய்ய ஓரிரு நாட்கள் போதும். அதற்குச் சோம்பல்படுகிறவர் இந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய காரணமே இல்லை.

மேசையில் அமர்வதற்கு முன் துணியில் அச்சிடப்பட்டிருக்கும் பரிசு விகிதத்தைப் படியுங்கள். முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்து மதிப்புச் சீட்டும் சேர்ந்து பிளாக்ஜாக் வந்தால் இரண்டுக்கு மூன்று என்பது பழைய விதி. ஐந்துக்கு ஆறு என்பது புதிய, மோசமான விதி. பத்து சிப் பந்தயத்துக்கு முன்னதில் 15, பின்னதில் 12. ஏறத்தாழ 21 கைகளுக்கு ஒரு முறை பிளாக்ஜாக் வருவதால் இந்த மூன்று சிப் வேறுபாடு சாதகத்தோடு ஏறக்குறைய 1.4 சதவீதத்தைச் சேர்த்துவிடுகிறது. அட்டவணையைக் கற்றுச் சேமித்தது அத்தனையும் ஒரு வரி அச்செழுத்தில் போய்விடும்.

டீலரிடம் ஏஸ் தெரியும்போது இன்சூரன்ஸ் வேண்டுமா என்று கேட்பார்கள். பெயர்தான் காப்பீடு, உண்மையில் டீலரின் மறைந்த சீட்டு பத்து மதிப்புடையது என்று வைக்கும் தனிப் பந்தயம் அது. ஒன்றுக்கு இரண்டு தருவதால், சரிக்குச் சரியாக இருக்க மூன்றில் ஒரு முறை பத்து வர வேண்டும். ஆறு கட்டுகளில் அந்த ஏஸைக் கழித்தால் எஞ்சும் 311 சீட்டுகளில் பத்து மதிப்புடையவை 96, அதாவது 30.9 சதவீதம். சாதகம் 7.4 சதவீதம் ஆகிறது. சீட்டுகளை எண்ணி ஆடத் தெரியாதவர் இதை எப்போதும் மறுத்துவிடலாம்.

பேங்கர், பிளேயர் என்ற இரு பக்கங்களில் எது வெல்லும் என்று பந்தயம் வைக்கும் சீட்டாட்டமான பக்கராட் விரைவாகச் சொல்லி முடிக்கக்கூடியது. பேங்கர் பக்கம் சாதகம் 1.06 சதவீதம், வென்ற தொகையில் பிடிக்கும் ஐந்து சதவீதக் கழிவும் இதில் அடக்கம். பிளேயர் பக்கம் 1.24. இரு பக்கமும் சமனாகும் என்று வைக்கும், ஒன்றுக்கு எட்டு தரும் டை பந்தயம் 14.36. முன் சுற்றுகளின் முடிவுகளைக் காட்டும் பலகைக்குக் கணக்கில் எந்த இடமும் இல்லை.

க்ராப்ஸில், பகடை வீசுபவர் வெல்வார் என்று வைக்கும் பாஸ் லைன் பந்தயத்தில் சாதகம் 1.41 சதவீதம். முதல் வீச்சில் 4, 5, 6, 8, 9, 10 இவற்றில் ஒன்று விழுந்து, ஏழுக்கு முன் மீண்டும் விழ வேண்டிய ‘புள்ளி’யாக நிலைபெற்ற பிறகு அந்தப் பந்தயத்துக்குப் பின்னால் வைக்கும் ஆட்ஸ் பந்தயத்துக்கு மட்டும் சாதகம் பூஜ்யம்: 4, 10க்கு ஒன்றுக்கு இரண்டு, 5, 9க்கு இரண்டுக்கு மூன்று, 6, 8க்கு ஐந்துக்கு ஆறு என்று சரியான வாய்ப்பு விகிதத்திலேயே தருகிறார்கள். கேசினோவில் இத்தகைய நியாயமான பந்தயம் அரிது. அதனால்தான் மேசைத் துணியில் அதற்கென்று பெயர் எழுதிய கட்டம்கூட வழக்கமாக இருப்பதில்லை. ஆனாலும் மொத்தப் பந்தயத்தைக் கூட்டிக்கொள்ள அதைச் சாக்காக்க வேண்டாம். பாஸ் லைனில் குறைவாக வைத்து, வைக்க நினைத்த மீதியை ஆட்ஸுக்கு மாற்றுவதே பொருள்.

இரட்டிப்பு முறை

தோற்றால் பந்தயத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் என்றேனும் வென்றுதான் ஆக வேண்டும் என்ற யோசனை எல்லாக் காலத்திலும் யாரோ ஒருவருக்குப் புதிதாகத் தோன்றுகிறது. சிவப்பின் மீது ஒரு சிப்பில் தொடங்கி, இரட்டிப்பாக்கிக்கொண்டே மொத்தம் எட்டுப் பந்தயங்கள் வரை வைக்கும் அளவுக்குப் பணமும் மேசை வரம்பும் இருப்பதாகக் கொள்வோம். ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தில் தொடர்ந்து எட்டு முறை தோற்கும் வாய்ப்பு 207இல் ஒன்று. அப்போது போவது 255 சிப்புகள். மற்ற 206 முறையும் கிடைப்பதோ தலா ஒன்று. கூட்டிக் கழித்தால் மொத்தப் பந்தயத்தில் அதே 2.7 சதவீதம் நட்டம், ஒரு புள்ளிகூட மாறாமல். சிறு சிறு வெற்றிகளாக வாங்கி ஒரு பெரிய தோல்வியாகக் கட்டுவது மட்டுமே இம்முறையின் சாதனை.

1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோவில் ஒரு சக்கரத்தில் கருப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. இனிச் சிவப்புதான் என்று நம்பிக் குவித்தவர்கள் பெரும் தொகையை இழந்தார்கள். அத்தகைய தொடருக்கு முன்கூட்டிய வாய்ப்பு ஏறத்தாழ 13.7 கோடியில் ஒன்று என்பது உண்மை. ஆனால் 25 கருப்புகள் விழுந்து முடிந்த பின், அடுத்ததும் கருப்பாக இருக்கும் வாய்ப்பு வழக்கமான 37இல் 18தான். பந்துக்கு நினைவு கிடையாது.

இணையத்தில் ஆடுவோருக்கு

இணையக் கேசினோக்களில் விளையாட்டின் விவரப் பக்கத்தில் திரும்பக் கிடைக்கும் சதவீதம் பெரும்பாலும் குறிப்பிடப்பட்டிருக்கும். 100இலிருந்து அதைக் கழித்தால் சாதகம். ஒரே பெயர் கொண்ட ஸ்லாட் விளையாட்டு வெவ்வேறு தளங்களில் வெவ்வேறு விகிதங்களில் அமைக்கப்பட்டிருக்கலாம் என்பதால் ஆடும் இடத்திலேயே பார்க்க வேண்டும். போனஸையும் இதே கணக்கால் எடை போடலாம். 100 சிப் போனஸ், அதை எடுப்பதற்கு முன் அதன் 35 மடங்கு பந்தயம் வைக்க வேண்டும் என்பது நிபந்தனை என்றால், 3,500 சிப்புகள் சுழல வேண்டும். சாதகம் நான்கு சதவீதமாக இருந்தால் எதிர்பார்ப்பு நட்டம் 140. இலவசம் என்று தரப்பட்ட 100ஐவிட அது அதிகம்.

இந்தக் கணக்குகள் எல்லாம் இழப்பைக் குறைக்குமே தவிர லாபமாக மாற்றாது. ஆகையால் பொழுதுபோக்குக்குச் செலவழிக்கத் தயாராக உள்ள தொகையை மட்டும் எடுத்துச் சென்று, வங்கி அட்டையைக் கையோடு கொண்டுபோகாமல் இருப்பது எந்தப் பந்தய உத்தியையும்விடப் பயனுள்ளது. ஒரே பந்தயத்தில் அந்தத் தொகையின் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டாமல் வைத்தால் திட்டமிட்ட நேரம் வரை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று மறுபடி மறுபடி திரும்பிச் செல்பவருக்கோ, கடன் வாங்கி ஆடுபவருக்கோ சதவீதங்களால் எந்த உதவியும் இல்லை. முறையாக உரிமம் பெற்ற பல கேசினோக்களில் தன்னை உள்ளே அனுமதிக்க வேண்டாம் என்று ஆட்டக்காரரே எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு உள்ளது, அதைக் கேட்டுப் பெறலாம்.